1958-ஆம் ஆண்டும் தமிழ்த் திரைப்பாட்டும்

எங்கள் விடுதியில் ஓரிரவு உணவு முடிந்தபின், மேனாட்டிசையில் மிக்க ஈடுபாடுடைய நண்பரொருவர் என்னை நோக்கி, "1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற பாட்டு எது, எத்தனை வாரம் அந்த இடத்தில் நின்றது என்று நான் இந்நொடியே சொல்லிவிடுவேன். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற பாட்டு எது? தமிழ் படிக்கிறவன்தானே, சொல் பார்ப்போம்" என்றார். யான் சொல்லவில்லை; சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதியும் தண்ணுமை ஆசிரியன் அமைதியும் ஒப்பிக்கக் கற்ற எனக்கு, என் முன்னோர் இளமையில் தெருவெல்லாம் ஒலித்த பாட்டு எதுவெனத் தெரியாமற் போனது நாணத்தைத் தந்தது. அந்நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

நண்பர் அவ்வாண்டைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க நாட்டுப் 'பில்போர்டு' என்னும் வார இதழ், இசைத்தட்டு விற்பனையையும் வானொலியில் ஒலித்த அளவையும் ஒருங்கே கணக்கிட்டு, 'ஹாட் 100' என்னும் நூறு பாட்டுப் பட்டியலை முதன்முதல் வெளியிட்டது 1958 ஆகஸ்டு 4-ஆம் நாளிலாகும். அன்று அதன் தலையில் நின்றவர் ரிக்கி நெல்சன் என்னும் இளைஞர். இங்கிலாந்தில் இவ்வழக்கம் சற்று முந்தியது. 1952 நவம்பர் 14-இல் ஓர் இசை இதழ், கடைகளைத் தொலைபேசியில் வினவி, எந்தத் தட்டு மிகுதியாக விற்றது என்று அச்சிட்டது. ராக் அண்டு ரோல் என்னும் துள்ளிசை இவ்விரு நாட்டு இளைஞரையும் ஆட்டிப்படைத்த காலம் அது. அவ்விசைக்கு மன்னர் எனப்பட்ட எல்விஸ் பிரெஸ்லியோ 1958 மார்ச்சு 24-இல் படையிற் சேர்ந்துவிட்டார். இனி ஒரு வேடிக்கை. அவ்வாண்டு முழுமைக்கும் பில்போர்டு முதலிடம் தந்தது ஆங்கிலப் பாட்டுக்கன்று, துள்ளிசைக்குமன்று. தொமேனிக்கோ மொதுஞ்ஞோ என்பார் இத்தாலிய மொழியிற் பாடிய, 'வொலாரே' என்று உலகம் வழங்கும் பாட்டுக்கே அச்சிறப்புக் கிடைத்தது. ஐந்து வாரம் அது முதலிடத்தில் இருந்தது. பொருள் விளங்காத மொழிப்பாட்டை ஒரு பெருநாடு தலைமேற் கொண்டதென்றால், பாட்டின் வெற்றி எதனால் அமைகின்றது என்னும் வினா எளியதன்று என்பது தெளிவு.

இந்திக்காரர்க்கும் ஒரு பட்டியல் இருந்தது. 1952 முதல் இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்திய 'பினாகா கீத்மாலா', இசைத்தட்டு விற்பனையையும் நேயர்களின் விருப்பத்தையும் கருதிப் பாடல்களைப் படிப்படியாக நிறுத்திற்று. ஆகவே, 1958-இல் அப்பட்டியலில் முதல் நின்றது 'சோல்வா சால்' என்னும் படத்தில் எஸ். டி. பர்மன் இசையில் ஹேமந்த குமார் பாடிய பாட்டு என்று இன்றும் ஐயமின்றிச் சொல்லலாம்.

தமிழகத்தின் நிலை வேறு. இங்கே பாட்டு தனிப்பொருளாக விலைபோகவில்லை. அது படத்தின் ஓர் உறுப்பு. படம் நூறு நாள் ஓடினால் பாட்டும் நூறு நாள் ஓடியதாகக் கொள்ளப்பட்டது. அந்நாளைய இசைத்தட்டு அரக்காற் செய்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. பத்து அங்குல அகலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடமே பாடும். பாட்டு நீண்டதாயின் மறுபக்கம் திருப்ப வேண்டும். இத்தட்டும் இதனைச் சுழற்றும் பெட்டியும் வாங்கும் பொருள்வளம் சிலர்க்கே இருந்தது. ஏனையோர் கேட்டது கலியாணப் பந்தலின் ஒலிபெருக்கியிலும், தேநீர்க் கடையின் வானொலியிலுமே. ஒரு தட்டை நூறுமுறை ஆயிரம் பேர் கேட்டாலும் விற்பனைக் கணக்கில் அஃது ஒன்றுதான். மேனாட்டு அளவுகோல் இங்கே செல்லாமற் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

வானொலியின் கதையையும் ஈண்டுக் கூறல் வேண்டும். மயிலாப்பூர்க் கடற்கரைச் சாலையில் உள்ள வானொலி நிலையத்தைக் கடந்து யான் பன்முறை சென்றிருக்கிறேன். திரைப்பாட்டுக்கு அந்நிலையம் ஒருகாலத்தில் கதவடைத்திருந்தது என்பதை அண்மையிலேதான் அறிந்தேன். 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு மக்கள் சுவையைக் கெடுக்கும் என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதனை மிகவும் குறைத்தார். கேட்போர் என்ன செய்தனர்? முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போயினர். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பும், அதன் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனின் குரலும் தமிழக வீடுகளிற் குடிபுகுந்தன. 1957 அக்டோபர் 3-இல் 'விவித பாரதி' தொடங்கியபின்னரே நம் வானொலி திரைப்பாட்டுக்கு மனமிரங்கிற்று. ஆகவே 1958 என்பது, திரைப்பாட்டு வாயில்வழியாக உள்ளே அழைக்கப்பட்ட முதல் முழு ஆண்டு.

பட்டியல் இல்லையாயின் நினைவைத்தான் வினவ வேண்டும். யான் பிறந்து வளர்ந்த மயிலாப்பூரில் சென்ற விடுமுறையில் அந்த ஆண்டை அறிந்த முதியோர் சிலரை அணுகி, "1958-இல் எல்லாரும் பாடிய பாட்டு எது?" என்று கேட்டேன். எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் முன்னாள் தலைவர் 'உத்தம புத்திர'னைச் சொன்னார். மாடவீதியிற் பூக்கட்டும் பெரியவர், கேள்வி முடியுமுன் 'நாடோடி மன்னன்' என்றார். இளைப்பாறிய தமிழாசிரியர் ஒருவரோ, தாம் அக்காலத்தில் நல்ல நூல்களையே படித்ததாகவும் சினிமாப் பாட்டுக்குச் செவி கொடுத்ததில்லை என்றும் கடிந்து கூறினார். பின்னர்க் காப்பி ஆறும்வரை 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்துப் போட்டி நடனப் பாட்டை மெல்ல முணுமுணுத்துக் கொண்டிருந்தார்! கொத்தமங்கலம் சுப்பு எழுத, பி. லீலாவும் ஜிக்கியும் பாடிய பாட்டு அது. நல்ல நூல்களுக்கு நடுவே எப்படியோ அவர் செவியிற் புகுந்துவிட்டது.

இவ்விடைகளை எழுதி வைத்து நோக்கியபோது ஒன்று புலப்பட்டது. பாட்டு ஒவ்வொருவர்க்கும் வேறாயிற்று. ஆனால் எல்லாரும் அதனை நடிகர் பெயராலேயே வழங்கினர். "சிவாஜி பாட்டு", "எம்.ஜி.ஆர். பாட்டு" என்றனர். இசையமைத்தார் பெயர் இரண்டொருவர்க்கு நினைவிருந்தது. எழுதியவர் பெயரைச் சொன்னவர் ஒருவருமில்லை.

முதலில் இசையைப் பார்ப்போம். அவ்வாண்டில் வியக்கத்தக்கவர் ஜி. ராமநாதன். மயிலை மாடவீதிகளில் மார்கழிப் பனியிற் பசனை பாடிச் சென்ற பாபநாசம் சிவன் பாடல் எழுத, தியாகராச பாகவதர் நடித்துப் பாடிய 'ஹரிதாஸ்' (1944) மூன்று தீபாவளி கண்ட படம். அதில் 'மன்மத லீலை' என்று தொடங்கும் பாட்டால் சாருகேசி இராகம் தமிழர் அனைவர்க்கும் உரியதாயிற்று. அப்படத்தின் இசையிற் பங்குகொண்ட ஜி. ராமநாதன், பதினான்கு ஆண்டு கழித்து, 1958-இல் 'சாரங்கதரா' படத்தில் மருதகாசி எழுத டி. எம். சௌந்தரராசன் பாடிய 'வசந்த முல்லை'யில் அதே சாருகேசியை மீண்டும் எடுத்தார். இஃது ஒரு பக்கம். அதே ஆண்டின் பிப்ரவரியில் வெளிவந்த 'உத்தம புத்திர'னில், கு. மா. பாலசுப்பிரமணியம் எழுதிய 'யாரடி நீ மோகினி' பாட்டுக்கு அவரே மேனாட்டுத் துள்ளலைக் கொணர்ந்தார். ஒரே பாட்டிற் பல நடை மாறி மாறி வரும். பல குரல் சேரும். இடையே அக்கால ராக் அண்டு ரோலின் குலுக்கலும் வந்துபோகும். சாருகேசியும் துள்ளிசையும் ஒரே கையிலிருந்து ஒரே ஆண்டிற் பிறந்தன. அமெரிக்காவில் அவ்விசைக்காகத் தந்தையும் மகனும் சண்டையிட்டனர் என்று படித்திருக்கிறேன். தமிழில் அது பழைய வீட்டிற்கு வந்த விருந்தாளியாய், ஒரு மூலையில் ஆடிவிட்டு அமர்ந்துவிட்டது.

குரலிலும் 1958 ஒரு சந்தி. பாகவதர் காலத்தில் நடிப்பவரே பாடினர். 'நாடோடி மன்ன'னிலோ பி. பானுமதி தம் குரலிற் பாட, எம்.ஜி.ஆர். டி. எம். சௌந்தரராசன் குரலுக்கு வாயசைக்கிறார். கண்ணதாசன் தாமே எடுத்த 'மாலையிட்ட மங்கை'யில், சில காலம் மங்கியிருந்த டி. ஆர். மகாலிங்கம் தம் சொந்தக் குரலால் மீண்டும் புகழ் பெற்றார். விசுவநாதன் ராமமூர்த்தி இசையில் அவர் பாடிய 'செந்தமிழ்த் தேன்மொழியாள்' பாதாதிகேசம் பாடிய நம் பழம்புலவரின் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்கது. சௌந்தரராசனோ ஒரே ஆண்டில் எம்.ஜி.ஆருக்கும் சிவாசிக்கும் பாடி, அவரவர் தொண்டையிலிருந்தே ஒலி எழுந்ததுபோல் மயக்கினார். மக்கள் பாட்டை நடிகர் பெயரால் வழங்கியதற்கு இம்மயக்கமும் ஒரு காரணமாகலாம்.

தம் குரலைத் தாமே வைத்துக்கொண்ட மற்றொருவர் சந்திரபாபு. 'நாடோடி மன்ன'னிற் பாடி நடித்த அவர், அதே ஆண்டில் 'சபாஷ் மீனா'வில் இரு வேடம் பூண்டார். தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, மேனாட்டார் குரலை உடைத்தும் மடக்கியும் பாடும் முறையைத் தமிழுக்குக் கொணர்ந்தவர். 1974-இல் அவர் மறைந்தார். நவம்பர் 2-ஆம் நாள், இறந்த விசுவாசிகளின் நினைவு நாளில், எங்கள் குடும்பத்தார் மயிலையை அடுத்த குவிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்திற்கு மெழுகுதிரியும் பூவும் கொண்டு செல்வது வழக்கம். அங்கேதான் அவரும் அடக்கமாகியிருக்கிறார். சிறுவனாயிருந்தபோது, "அதோ, பாட்டுக்காரர் கல்லறை" என்று யாரோ காட்ட, கோயிற் பாட்டுக்காரர் போலும் என்று எண்ணிக் கடந்துவிட்டேன்.

இனி எழுதினோர். 1958-இன் பாடலாசிரியர் நிரை சிறியதன்று. பொங்கலன்று வெளிவந்த 'தை பிறந்தால் வழி பிறக்கும்' படத்தில், கே. வி. மகாதேவன் இசையில் சீர்காழி கோவிந்தராசன் பாடிய 'அமுதும் தேனும்' உவமைக் கவிஞர் சுரதா எழுதியது. ஓர் உவமையை எடுத்து, அதனினும் உயர்ந்ததென ஒன்றைக் காட்டி, முன்னதைத் தள்ளும் அணி பாட்டு நெடுகிலும் ஓடுகின்றது. வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதிப் பாடஞ் சொல்லத்தக்க பாட்டு. ஆயினும் பெரும்பாலோர்க்கு அது சீர்காழி பாட்டுத்தான்.

யான் நெடுநேரம் தங்க விரும்புவது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தினிடம். பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் 1930 ஏப்ரல் 13-இற் பிறந்தவர், உழவர் குடியினர், உழவர் இயக்கத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் ஈடுபட்டவர், பாரதிதாசனிடம் இருந்து பயின்றவர். 1958 ஆகஸ்டு 22-இல் 'நாடோடி மன்னன்' வெளிவந்தபோது அவருக்கு அகவை 28. எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் அப்படத்திற்கு அவர் எழுதிய இரு பாட்டுகள் இங்கே ஆராயத்தக்கன.

ஒன்று 'தூங்காதே தம்பி'. தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண் பகுதியில் கண்படை நிலை, துயிலெடை நிலை என்னும் துறைகளைக் கூறும். துயிலும் மன்னனைச் சூதர் புகழ்பாடி எழுப்புவது துயிலெடை நிலை. பின்னர் அத்துறை திருக்கோயில் புகுந்து திருப்பள்ளியெழுச்சி ஆயிற்று. மன்னனை எழுப்பினோம், இறைவனை எழுப்பினோம், குடிமகனை எழுப்பிய பாட்டு எது? பாரதியார் நாட்டை எழுப்பினார். பட்டுக்கோட்டையார் ஒருபடி இறங்கி, தெருவில் எதிர்ப்படும் தம்பி ஒருவனைத் தோள்தொட்டு எழுப்புகிறார். உறக்கம் என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, கடமையைத் தவறவிட்டவர், காலத்தைத் தவறவிட்டவர் என்று ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டுகிறார். புகழ்ச்சி ஒரு சொல்லும் இல்லை; நகைத்திறமும் கண்டிப்புமே உண்டு. துயிலெடை நிலையின் முறை மாறாமல் பாட்டுடைத் தலைவன் மட்டும் மாறிவிட்டான்.

மற்றொன்று 'காடு வெளஞ்சென்ன' என்பது. பெண் கேட்கிறாள், ஆண் விடை தருகிறான். விளைச்சல் விளைந்தும் உழைத்தவர்க்கு மிஞ்சுவது யாது என்பது அவள் வினா. நிலைமை மாறும் காலம் வரும் என்பது அவன் விடை. நாட்டுப்புறத்து எதிர்ப்பாட்டின் வடிவம் இது. முக்கூடற்பள்ளு முதலிய நூல்களைப் படித்தோர்க்கு உழவர் பாடும் பாட்டு புதிதன்று. பண்ணைக்காரனை எள்ளும் நகையும் அங்கே உண்டு. ஆனால் விளைந்த நெல் யாருக்கு என்னும் வினாவை இத்துணை நேராக, அதுவும் காதற்பாட்டின் நடுவே, உழத்தி கேட்டதாக யான் கற்ற பள்ளு எதிலும் கண்டிலேன். வினாவைப் பானுமதியின் குரல் கேட்கும் முறையிற் கொஞ்சலோடு சிறிது சினமும் ஒலிக்கின்றது. அவர் தம் குரலில் தாமே பாடியது இங்கே பெரும்பயன் தந்தது.

மெட்டுக்கு எழுதியது இலக்கியமாகுமோ என்று சிலர் வினவுவர். எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டின் தலையில் இராகமும் தாளமும் குறித்திருக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாட்டை இசையிலிருந்து பிரித்துப் பார்ப்பாரில்லை. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் காவடி சுமந்து நடப்பவர் கால்வைப்புக்கு இயைந்ததே. கூலிக்கு எழுதினார் என்பதும் குற்றமாகாது. பரிசில் பெறாத சங்கப் புலவர் எத்துணைப் பேர்? ஒன்று மட்டும் ஒப்புக்கொள்வேன். அவ்வாண்டுத் திரைப்பாட்டெல்லாம் இத்தரத்தன அல்ல. ஓசைக்காக நிரப்பிய பொருளற்ற சொற்களும், இந்திமெட்டின் மேல் இழுத்துப் போர்த்த தமிழும் மலிந்திருந்தன. பட்டியலொன்று இருந்திருப்பின் அவற்றுட் சில மேலேறியும் நின்றிருக்கும்.

1959 அக்டோபர் 8-இல் பட்டுக்கோட்டையார் காலமானார். 29 ஆண்டும் சில திங்களுமே அவர் வாழ்நாள். திரைக்கு எழுதியது சில ஆண்டுகளே. தமிழக அரசு 1993-இல் அவர் பாடல்களை நாட்டுடைமை ஆக்கிற்று. எனக்கு இப்போது அகவை 19. என்னிலும் ஒன்பதாண்டே மூத்தவராயிருந்தபோது அவர் எழுதியவற்றை மாடவீதிப் பூக்காரர் இன்றும் சொல் தப்பாமற் பாடுகிறார் என்பதை எண்ணினால், யான் மனப்பாடம் செய்யும் உரைநூல்கள்மேல் எனக்கு இருந்த செருக்குச் சற்றுத் தளர்கின்றது.

அரங்கேற்று காதையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இளங்கோவடிகள் மாதவி ஆடிய அரங்கை விளக்குமிடத்து ஆடலாசிரியனையும் இசையாசிரியனையும் கூறியதோடு நிற்கவில்லை. பாட்டு இயற்றும் புலவனுக்கும் தனி இடம் வகுத்து, அவன் இலக்கணத்தையும் கூறிச்செல்கிறார். முன்னர் அப்பகுதியைத் தேர்வுக்காகவே கற்றேன்.

கடைசியாக யான் கண்டவர் சாந்தோம் பெருங்கோயிலின் அருகே வாழும் எண்பத்தைந்து அகவை மூதாட்டியார். கொட்டகையிற் படம் பார்க்கும்போதெல்லாம் வாசலில் விற்ற பாட்டுப்புத்தகத்தை வாங்கிவந்து, தகரப்பெட்டியிற் சேர்த்து வைத்திருந்தார். கதைச்சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெண்திரையில் காணச் சொல்லும் சிறு புத்தகங்கள் அவை. தாள் பழுத்துத் தொட்டால் ஒடியும் நிலையில் இருந்தன. 'நாடோடி மன்னன்' புத்தகத்திற்கு முன்னட்டையும் முதற்சில ஏடுகளும் இல்லை. எஞ்சியதில் பாட்டு இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை.

"பாட்டி, பெயரை ஓரத்தில் எழுதி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுது தம்பி, பென்சிலால் எழுது" என்றார். எழுதியதைக் கண்ணாடியை உயர்த்தி எழுத்துக்கூட்டிப் படித்து, "பட்டுக்கோட்டையா? இத்தனை நாளும் எம்.ஜி.ஆரே எழுதினது என்றல்லவா நினைத்திருந்தேன்" என்று சொல்லி, பெட்டியிலிருந்த அடுத்த புத்தகத்தை எடுத்து என் கையிற் கொடுத்தார்.